வகுப்பில் எங்கே கோளாறு? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

"இந்த வகுப்பே சரியில்லை" என்று ஆசிரியர் அறையில் அலுத்துக்கொள்ளாதவர் யாரும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. எது சரியில்லை? பீரியடின் எந்த நேரத்தில்? யாரிடம்? அதற்கு ஒரு நிமிடம் முன்னால் வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

கடைசிக் கேள்விதான் முக்கியம் என்பேன். ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்து, 1970-இல் முடிவுகளை வெளியிட்டார். சேட்டை நடந்த பிறகு நல்ல ஆசிரியர்கள் அதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய நோக்கம். அதில் பெரிய வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை. கட்டுப்பாடு உள்ள வகுப்பிலும் இல்லாத வகுப்பிலும் ஆசிரியர்கள் கண்டிக்கிற விதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வித்தியாசம் எல்லாம் அதற்கு முன்னால் இருந்தது. நன்றாக நடக்கும் வகுப்பின் ஆசிரியருக்கு எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது, அது தெரியும் என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இடையில் வெற்று நேரம் விழவில்லை. கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் இதுதான் அடிப்படை. கோளாறு தெரியும் இடத்தை விட்டுவிட்டு, அதற்குச் சற்று முன்னால் தேடுங்கள்.

முதலில் இதைப் பாருங்கள்

எந்த மாற்றமும் செய்யாமல் நான்கைந்து நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுத்தாள் போதும். எத்தனை மணிக்கு, என்ன வேலை நடக்கும்போது, யார் யார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இரண்டு மூன்று சொல்லில் எழுதினால் போதும்.

பிறகு அந்தத் தாளைப் பாருங்கள். வகுப்பில் பாதிக்கு மேல் கலைந்தால் கோளாறு ஒழுங்குமுறையிலோ பாடத்தின் கடினத்திலோ இருக்கிறது. மூன்று நான்கு பேர் மட்டும் என்றால் உட்காரும் இடத்தையும் அவர்களுக்குள் இருக்கும் உறவையும் பாருங்கள். ஒரே ஒரு பிள்ளை என்றால் அதற்கான பகுதி கீழே தனியாக இருக்கிறது. எல்லா ஆசிரியர்களிடமும் இப்படித்தானா, உங்களிடம் மட்டுமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களிடம் மட்டும் என்று பதில் வந்தால் மனம் சங்கடப்படத்தான் செய்யும். ஆனால் அதுதான் நல்ல செய்தி, ஏனென்றால் மாற்ற வேண்டியது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை இரண்டு வாரமாவது விடாமல் செய்யுங்கள். முதல் சில நாள் நிலைமை மோசமாவதுபோல் தெரியலாம். புதிய முறை நிஜமா, நாளைக்கே போய்விடுமா என்று பிள்ளைகள் சோதித்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

அறிகுறி: மணி அடித்துப் பத்து நிமிடம் ஆகியும் பாடம் தொடங்க முடியவில்லை

காரணம் பெரும்பாலும் எளியது. உள்ளே வரும் பிள்ளைக்கு வந்தவுடன் செய்ய ஒன்றுமில்லை. நீங்கள் அட்டென்டன்ஸ் எடுக்கிறீர்கள், புத்தகத்தைத் தேடுகிறீர்கள், யாரோ ஒரு சந்தேகத்தோடு மேசைக்கு வருகிறார்கள். அந்த இடைவெளியைப் பேச்சு நிரப்பிவிடுகிறது. பேச்சு ஒருமுறை சூடுபிடித்துவிட்டால் அதை அடக்க இரண்டு மடங்கு பாடுபட வேண்டும்.

இரண்டு வேலை செய்யுங்கள். பிள்ளைகள் உள்ளே வரும்போது வாசலில் நில்லுங்கள். முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லி ஒரு வார்த்தை பேசினால் போதும். யார் இன்று அழுத முகத்தோடு வருகிறார்கள், யார் வெளியே நடந்த சண்டையை உள்ளே தூக்கி வருகிறார்கள் என்பது அந்த வாசலிலேயே தெரிந்துவிடும். அப்புறம், அவர்கள் வரும் முன்பே போர்டில் ஒரு சிறு வேலை எழுதப்பட்டிருக்கட்டும். நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு கணக்கு, அல்லது "நேற்றுப் படித்த சோதனையில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு வரி எழுது" என்பது போல. உங்கள் உதவி இல்லாமல் எல்லோராலும் செய்ய முடிய வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

செய்து பார்த்தும் பலன் இல்லையா? அந்த வேலையை அப்புறம் நீங்கள் பார்க்கிறீர்களா என்று கவனியுங்கள். யாரும் பார்க்காத வேலையைப் பிள்ளைகள் மூன்றாம் நாளே கைவிட்டுவிடுவார்கள். நோட்டை வாங்கித் திருத்த வேண்டும் என்பதில்லை. பெஞ்சுகளுக்கு இடையே ஒரு நடை நடந்து, இரண்டு பேர் எழுதியதை வகுப்புக்குப் படித்துக் காட்டினாலே போதும்.

அறிகுறி: கேள்வி கேட்டால் மௌனம், அல்லது அதே நான்கு பேர் மட்டும் கை தூக்குகிறார்கள்

இந்தப் பகுதிதான் நீளம். காரணம், வகுப்பின் நிஜமான மனநிலை இங்கேதான் வெளிப்படுகிறது.

முதல் சோதனையை நீங்களே செய்யலாம். ஒரு பீரியடை போனில் ஒலிப்பதிவு செய்து, வீட்டில் போட்டுக் கேளுங்கள். கேள்வி கேட்டு முடித்ததற்கும் நீங்கள் மறுபடி வாய் திறந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் விட்டிருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் இப்படிப்பட்ட ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தார். பெரும்பாலான ஆசிரியர்கள் சுமார் ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வரவில்லை என்றால் கேள்வியைத் திரும்பச் சொன்னார்கள், வேறொருவரைக் கேட்டார்கள், அல்லது தாங்களே பதிலைச் சொல்லிவிட்டார்கள். அந்த இடைவெளியை 3 நொடியோ அதற்கு மேலோ நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதில் வராமல் போவது குறைந்தது, எப்போதும் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் அதேபோல் ஒரு இடைவெளி விடச் சொன்னார் ரோ. பலரும் மறந்துவிடுவது இந்த இரண்டாவது இடைவெளியைத்தான். பதிலின் கடைசிச் சொல் விழுவதற்குள் "சரி, அடுத்து" என்று போய்விட்டால், "அப்புறம் மிஸ், இன்னொன்று..." என்று தொடர நினைத்த குழந்தை வாயை மூடிக்கொள்கிறது.

3 நொடி என்பது சொல்லக் கேட்கச் சின்னது. நாற்பது முகங்கள் உங்களையே பார்க்க நிற்கும்போது அது யுகமாகத் தெரியும். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். எண்ணும்போது ஒரே முகத்தை முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இடைவெளி விட்டும் மௌனம்தான் என்றால் கேள்வியைப் பாருங்கள். "எல்லோருக்கும் புரிந்ததா?" என்பது கேள்வியே இல்லை. அதற்கு "புரிந்தது" என்ற ஒரே பதில்தான் பாதுகாப்பானது. "இதில் எந்த வரி உனக்குக் குழப்பமாக இருக்கிறது?" என்று கேட்டால் குழப்பம் இருப்பது சகஜம் என்று நீங்களே சொன்னதாகிறது. இன்னொரு வழி, முதலில் ஒரு நிமிடம் தனியாக யோசிக்கவோ எழுதவோ விடுங்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும், அதன்பிறகு வகுப்புக்குச் சொல்லட்டும். ஃபிராங்க் லைமன் 1981-இல் எழுதிப் பரவலாக்கிய முறை இது. இதன் அருமை எங்கே என்றால், கூச்ச சுபாவமுள்ள பிள்ளை நாற்பது பேருக்கு முன்னால் பேசுவதற்குள் ஒருவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கும். "நாங்கள் இப்படி நினைக்கிறோம்" என்று சொல்வதில் "நான்" என்பதன் பயம் இல்லை.

மூன்றாவதாக, தவறான பதில் வந்தால் உங்கள் முகம் என்ன செய்கிறது? இதை ஒரு காட்சியாகவே பார்ப்போம். பின்னக் கணக்கு நடக்கிறது. "அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டினால் எவ்வளவு?" என்று கேட்கிறீர்கள். ஒரு மாணவி தயங்கி எழுந்து "ஐந்தில் இரண்டு" என்கிறாள்.

"தப்பு. வேறு யாராவது?" என்றால் கதை முடிந்தது. அவளுக்கு மட்டும் அல்ல, அதே விடையை நோட்டில் எழுதி வைத்திருக்கும் இன்னும் பத்துப் பேருக்கும். அவர்கள் சத்தம் இல்லாமல் அழித்துவிடுவார்கள். ஏன் தவறு என்று தெரியாமலேயே.

இப்படிப் போகட்டும்:

"ஐந்தில் இரண்டு எப்படி வந்தது, சொல்லும்மா."

"மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு. கீழே இரண்டும் மூன்றும் ஐந்து, மிஸ்."

"சரி, நீ செய்தது தெளிவாகப் புரிகிறது. இப்போது எல்லோரும் யோசியுங்கள். ஐந்தில் இரண்டு, அரையைவிடப் பெரிதா, சிறிதா?"

கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல், "சிறிது."

"அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறோம். அரையைவிடக் குறையுமா?"

அந்த இடத்தில் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். நல்ல சலசலப்பு. முதலில் பதில் சொன்ன பெண்ணே "அப்போது மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டக் கூடாது" என்பாள். அவள் தவறிலிருந்துதான் அன்றைய பாடமே கிளம்பியது, அதை அவளிடம் சொல்லவும் செய்யுங்கள். தவறான பதில் வந்தால் பொய்யாகப் பாராட்டத் தேவையில்லை. "அருமை, ஆனால் தவறு" என்பதைப் பிள்ளைகள் நம்புவதில்லை. அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று ஆர்வத்தோடு கேட்டாலே போதும். சரியான பதிலுக்கும் அதே குரலில் "எப்படி வந்தது?" என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கேள்வி வந்தாலே "நான் சொன்னது தப்பு" என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள்.

அறிகுறி: யாராவது தப்பாகச் சொன்னால் வகுப்பு சிரிக்கிறது

இதை அன்றே நிறுத்த வேண்டும், நாளைக்குத் தள்ளக் கூடாது. பாடத்தை நிறுத்துங்கள். குரலை உயர்த்தாமல், "இந்த வகுப்பில் பதில் சொன்னவரைப் பார்த்துச் சிரிப்பது கிடையாது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையின் பதிலுக்கே திரும்புங்கள். நீண்ட உபதேசம் செய்தால் அவமானப்பட்ட பிள்ளை மேலும் அத்தனை நேரம் எல்லோர் பார்வையிலும் நிற்க வேண்டியிருக்கும்.

இது அடிக்கடி நடந்தால் ஒரு கசப்பான கேள்வியைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். குத்தலாகப் பேசி வகுப்பைச் சிரிக்க வைக்கும் பழக்கம் உங்களிடம் இருக்கிறதா? "துரைக்கு இன்றுதான் விடிந்ததா?" என்று தாமதமாக வந்தவனிடம் சொல்லும் ஒரு வரியில் யாரைப் பார்த்தும் சிரிக்கலாம் என்ற அனுமதி கிடைத்துவிடுகிறது. பிள்ளைகள் சிரிக்கக் கற்றது அங்கேதான்.

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எப்போதோ எழும் சிரிப்பு வேறு, ஒரே பிள்ளையைக் குறிவைத்துத் திரும்பத் திரும்ப நடப்பது வேறு. கொடுமைப்படுத்துதலை ஆராய்ந்த முன்னோடியான டான் ஒல்வியஸ் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, பாதிக்கப்படுபவர் எதிர்த்து நிற்க முடியாதபடி பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. மூன்றும் தெரிந்தால் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சமாதானம் பேசாதீர்கள். பலமுள்ளவர் முன்னால் பலமில்லாதவர் உண்மையைச் சொல்ல மாட்டார். தனித்தனியாகப் பேசுங்கள், தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரியப்படுத்துங்கள்.

அறிகுறி: சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, நானும் கத்திக்கொண்டே இருக்கிறேன்

சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இல் விவரித்த இந்த இயல்பு அவர் பெயராலேயே வழங்குகிறது. வகுப்பில் இது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. நீங்கள் கத்தினால் அவர்கள் பேச்சும் அதற்கு மேல் ஏறும். எனவே சத்தத்துக்கு மேல் பேசி அதை அடக்க முடியாது. பேச்சை நிறுத்துங்கள். முன்பே பழக்கிய ஒரு சைகையைக் காட்டுங்கள். கையை உயர்த்துவதோ, ஒருமுறை கைதட்டுவதோ, எதுவானாலும் சரி. எல்லோரும் அமைதியாகும் வரை ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். பாதிப் பேர் அமைதியானவுடனே அவசரப்பட்டுத் தொடங்கினால் மீதிப் பேர் அமைதியாகத் தேவையில்லை என்று பொருளாகிவிடும்.

சத்தம் எழுந்த நேரம் உங்கள் துண்டுத்தாளில் இருக்குமே, பாருங்கள். பெரும்பாலும் அது வேலை மாறும் நேரமாக இருக்கும். "நோட்டை மூடுங்கள், புத்தகத்தை எடுங்கள், நான்கு பேராகப் பிரிந்து உட்காருங்கள், இரண்டாம் கேள்வியைப் பேசுங்கள்" என்று ஒரே மூச்சில் நான்கு கட்டளை. முதலாவதைச் செய்யும்போதே மற்றவை மறந்துவிடும். பிறகு "என்னடா செய்யணும்?" என்று ஒருவரையொருவர் கேட்பார்கள், அந்தச் சத்தம்தான் அது. இடம் மாறுவதற்கு முன்பே என்ன பேச வேண்டும் என்பதைப் போர்டில் எழுதிவிடுங்கள். ஒரு பிள்ளையைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கப்புறம் எழச் சொல்லுங்கள்.

அறையையும் சந்தேகியுங்கள். வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கிசுகிசுப்பைவிட அதிகம் இல்லாத அளவு அது. கடகடக்கும் மின்விசிறி, வெறும் சுவரில் மோதி எதிரொலிக்கும் குரல், சாலையைப் பார்த்த சன்னல் எல்லாம் சேர்ந்தால் கடைசி வரிசைக்கு நீங்கள் சொல்வது பாதிதான் கேட்கும். கேட்காத பிள்ளை பக்கத்தில் இருப்பவரோடு பேசத்தான் செய்யும். ஒரு நாள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து யாரையாவது முன்னால் நின்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அறிகுறி: தினமும் ஒரே பிள்ளைதான்

அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போயிருக்கும். அலுப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தச் சேட்டையால் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கவனம் கிடைக்கிறது, அல்லது செய்ய முடியாத வேலையிலிருந்து தப்ப முடிகிறது.

கண்டுபிடிப்பது எப்படி? சேட்டை எப்போது எழுகிறது என்று பாருங்கள். நீங்கள் மற்றவர்களோடு மும்முரமாக இருக்கும்போது எழுந்து, நீங்கள் திரும்பிப் பார்த்தவுடன் அடங்கினால் அது கவனத்துக்கானது. சத்தமாகப் படிக்கும் முறை நெருங்கும்போது, வழிக்கணக்கு தொடங்கும்போது என்றால் தப்பிப்பதற்கானது. இரண்டாவது வகைப் பிள்ளையை வெளியே நிற்க வைத்தால் அவர் கேட்டது கிடைத்துவிட்டது. நாளைக்கும் கேட்பார். தண்டனை என்று நாம் நினைப்பது அவருக்கு விடுதலை.

எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. வளர்ச்சிக் குறைபாடுள்ள சில குழந்தைகளின் கடினமான நடத்தையை அவர்கள் கவனித்தார்கள். கவனம் குறைந்தபோதும் வேலை கடினமானபோதும்தான் அது கூடியது. அவர்கள் செய்த சிகிச்சை, குழந்தைக்கு ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்ததுதான். கவனம் தேவைப்பட்ட குழந்தைக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கவும், வேலை கடினமாக இருந்த குழந்தைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். தனக்குத் தேவையான வாக்கியம் கிடைத்ததும் சேட்டை குறைந்தது. எந்த வகுப்புக்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம். சேட்டை செய்யாதே என்று மட்டும் சொன்னால் போதாது. அதனால் கிடைத்ததை வேறெப்படிக் கேட்டு வாங்குவது என்றும் சொல்லித்தர வேண்டும்.

பேசும்போது தனியாகப் பேசுங்கள். எல்லோர் முன்னாலும் பேசினால் அது அவருக்கும் உங்களுக்கும் நடக்கும் மோதலாகிவிடும், நண்பர்கள் முன் அவர் தோற்க மாட்டார். பாடம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு, பக்கவாட்டில் உட்கார்ந்து இப்படித் தொடங்கலாம்: "கணக்கு பீரியடில் பத்து நிமிடம் கழித்துத்தான் நீ எழுந்து நடக்க ஆரம்பிக்கிறாய். அந்த நேரத்தில் என்ன ஆகிறது?" குற்றப்பத்திரிகை வாசிக்காமல், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். முதல் நாள் "ஒன்றுமில்லை சார்" என்றுதான் வரும். பரவாயில்லை. மறுநாள் கணக்கு பீரியடில் அந்தப் பத்தாவது நிமிடத்துக்கு முன்பே அவர் பக்கம் போய், முதல் கணக்கைச் சேர்ந்து போடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு உடலைப் பாருங்கள். போர்டு தெரிகிறதா, காது கேட்கிறதா, இரவு தூங்கினாரா, காலையில் சாப்பிட்டாரா? திடீரென்று நடத்தை மாறியிருந்தால் வீட்டில் ஏதோ நடந்திருக்கலாம். அடி, காயம், பயம் என்று எதுவும் கண்ணில் பட்டால் நீங்களாகத் துப்பறிய வேண்டாம். குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே சொல்லுங்கள்.

அறிகுறி: கடைசி பெஞ்ச் தனி உலகமாக இருக்கிறது

ஆடம்ஸ், பிடில் என்ற ஆய்வாளர்கள் 1970-இல் காட்டியது இது: வகுப்பில் நடக்கும் கேள்வி பதில்களில் பெரும்பகுதி முன்வரிசையிலும் நடு வரிசையிலும் இருப்பவர்களோடுதான் நடக்கிறது. ஓரமும் பின்பக்கமும் ஆசிரியரின் பார்வையிலிருந்து நழுவிவிடுகின்றன. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மந்தமானவர்கள் என்று நினைப்பதற்கு முன், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பாதிப் பாடத்தைப் பின்னாலிருந்து நடத்துங்கள். அப்போது கடைசி பெஞ்சே முதல் பெஞ்ச்.

இடத்தை மாற்றி அமைக்கும்போது வேலையைப் பார்த்து மாற்றுங்கள். தனியாக எழுதும் வேலைக்கு வரிசை நல்லது, பேசிச் செய்யும் வேலைக்கு எதிரெதிரே உட்காருவது நல்லது. வட்டமாக உட்கார வைத்துவிட்டு "யாரும் பேசாமல் எழுதுங்கள்" என்பது பிள்ளைகளைச் சோதிப்பது. இட மாற்றத்தைத் தண்டனையாக அறிவிக்காமல், மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் மாறும் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் குறை இருக்காது.

அறிகுறி: திருத்திக் கொடுத்தால் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்

ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளை மூன்று வகையாகப் பிரித்தார். சிலருக்கு மார்க் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் ஆர்வத்திலும் செயல்திறனிலும் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பின் பலன் கிடைக்கவில்லை. மார்க்கைப் பார்த்த கண்ணுக்குக் கீழே எழுதியது தெரியவில்லை.

மார்க் போடாமல் இருக்கப் பெரும்பாலான பள்ளிகளில் முடியாது. ஆனால் மார்க்கை உங்கள் பதிவேட்டில் வைத்துக்கொண்டு, நோட்டில் குறிப்பை மட்டும் எழுதிக் கொடுக்கலாம். பிள்ளை அந்தக் குறிப்பின்படி ஒரு வரியைத் திருத்தி எழுதிக் காட்டிய பிறகு மார்க்கைச் சொல்லலாம். "நன்று", "முயற்சி தேவை" என்பவை குறிப்பே அல்ல. "இரண்டாம் பத்தியில் காரணம் சொல்லாமல் முடிவுக்குத் தாவிவிட்டாய், ஒரு காரணம் சேர்" என்பதுதான் குறிப்பு.

அறிகுறி: பரிசு கொடுத்தால்தான் வேலை நடக்கிறது

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளோடு ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்பே சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பிறகு தாமாக வரையும் நேரம் குறைந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. ஆகவே பிள்ளைகள் ஏற்கெனவே விரும்பிச் செய்வதற்கு விலை வைக்காதீர்கள். யாரும் தொட விரும்பாத வேலையைத் தொடங்கி வைக்கச் சிறு பரிசு உதவினால் உதவட்டும், ஆனால் படிப்படியாகக் குறைத்துவிடுங்கள்.

பாராட்டிலும் கவனம் வேண்டும். "நீ கெட்டிக்காரி" என்பதைவிட, "முதல் வழி வராதபோது நீ படம் போட்டுப் பார்த்தாயே, அதுதான் விடையைக் கொடுத்தது" என்று செய்ததைச் சொல்லுங்கள். மியூலரும் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட சோதனைகளில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் ஒரு தோல்விக்குப் பிறகு சீக்கிரம் மனம் தளர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் தொடர்ந்தார்கள்.

அறிகுறி: தண்டித்த அன்று அடங்குகிறது, மறுநாள் பழைய கதை

முழு வகுப்பையும் ஒருவருக்காகத் தண்டிக்கும் வழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். ஒழுங்காக இருந்த முப்பது பேர் அன்றைக்குக் கற்றது, ஒழுங்காக இருந்தும் பயனில்லை என்பதைத்தான். அடிப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம், அதற்கு வகுப்பறையில் இடமே கிடையாது.

விதிகள் நான்கைந்துக்கு மேல் இருந்தால் குறையுங்கள். ஒவ்வொன்றும் செய்ய வேண்டியதைச் சொல்லட்டும். "கத்தாதே" என்பதைவிட "ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போம்" என்பது பழகுவதற்கு எளிது. மீறினால் சிறியதாக, உடனே, எல்லோருக்கும் ஒரே மாதிரியாக இருக்கட்டும். உங்களுக்குக் கோபம் வந்த நாளில் பெரிதாகவும் மனம் லேசாக இருக்கும் நாளில் ஒன்றுமில்லாமலும் இருந்தால், பிள்ளைகள் விதியைப் படிப்பதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அறிகுறி: வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி, ஆனால் டெஸ்டில் ஒன்றும் இல்லை

இதை யாரும் கோளாறாகவே பார்ப்பதில்லை. பார்வையிட வருபவர் மெச்சிவிட்டுப் போவார். நான் அதிகம் கவலைப்படுவது இந்த வகுப்பைப் பற்றித்தான்.

பயந்த மனம் பாடத்தைப் பிடித்து வைக்க முடியாது. கணக்கைப் போட மனத்தில் எண்களைத் தற்காலிகமாகத் தாங்கி வைத்திருக்கும் இடம் மிகச் சிறியது. கணக்கு என்றாலே பதற்றம் உள்ளவர்களிடம் அந்த இடத்தைப் பதற்றமே பிடித்துக்கொள்கிறது என்று ஆஷ்கிராஃப்ட்டும் கிர்க்கும் 2001-இல் காட்டினார்கள். "எங்கே என்னை எழுப்பிவிடுவாரோ" என்று நாற்பது நிமிடமும் யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் பாடத்துக்கு எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும்?

பயமா, நிஜமான கவனமா என்று தெரிந்துகொள்ள மூன்று வழி. போர்டில் வேண்டுமென்றே ஒரு சிறு தவறு செய்யுங்கள், யாராவது சொல்கிறார்களா என்று பாருங்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை என்றால், ஒன்று யாரும் பார்க்கவில்லை, இல்லை பார்த்தவர்கள் பயப்படுகிறார்கள். அடுத்து, உங்களிடம் தாமாக வரும் சந்தேகங்களை ஒரு வாரம் எண்ணுங்கள். கடைசியாக, பீரியட் முடியும்போது பெயர் எழுதாத துண்டுத்தாளில் இரண்டு கேள்விக்குப் பதில் வாங்குங்கள்: இன்று எது புரியவில்லை? கேட்க நினைத்தும் கேட்காமல் விட்டது என்ன? முதல் முறை வெற்றுத் தாள்கள்தான் அதிகம் வரும். வந்த மூன்று நான்கிலிருந்தே மறுநாள் பாடத்தைத் தொடங்குங்கள், "இப்படி ஒருவர் கேட்டிருக்கிறார், நல்ல கேள்வி" என்று. அடுத்த வாரம் தாள்கள் நிறைந்து வரும். யார் எழுதியது என்று கையெழுத்தை வைத்துத் தேடாதீர்கள். ஒருமுறை தேடினாலும் தெரிந்துவிடும், அதோடு அந்த வழி அடைந்துவிடும்.

எதைச் செய்தும் மாறவில்லை என்றால்

நம்பிக்கையான சக ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு பீரியட் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். கருத்து எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வகுப்பின் இருக்கை வரைபடம் ஒன்றைக் கையில் கொடுங்கள். நீங்கள் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு, யாரைக் கண்டித்தாலும் ஒரு புள்ளி, யாரைப் பாராட்டினாலும் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். பாடம் முடிந்ததும் அந்தத் தாளை வாங்கி, ஒரு குறியும் விழாத கட்டங்கள் எவை, புள்ளி மட்டுமே விழுந்தவை எவை என்று பாருங்கள். மறுநாள் காலை வாசலில் நிற்கும்போது முதலில் பேச வேண்டியது அந்தக் கட்டங்களில் உட்காரும் பிள்ளைகளோடுதான்.